ஒரே அளவில் இரண்டு கோப்புகள்

சித்திரைப் புத்தாண்டுத் தோணி ஓட்டத்தை வாவிக்கரையிலிருந்து நேரலையாகக் காட்டினோம். ஆரையம்பதியில் நான் வேலை செய்யும் வீடியோக் கடைக்கு அது வழமையான வேலை. முடிவுக்கோட்டில் என் தம்பி இருந்த தோணியும் இன்னொரு தோணியும் மோதின. துடுப்புகள் ஓங்கின. முதல் அடியில் ஒருவனின் காது கிழிந்தது, இரண்டாவதில் இன்னொருவனின் முன்பற்கள் போயின. பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் ஏழெட்டுப் பேர் ஆளையாள் மிதித்தார்கள். எதிர்த்தோணிக்காரன் ஒருவனைக் கரைக்கு இழுத்து வந்தபோது மண்டை பிளந்திருந்தது, மூச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் மூச்சு திரும்பியது. நினைவு திரும்பவில்லை.

அந்த நேரலைப் பதிவு எல்லாருடைய தொலைபேசியிலும் ஓடியது. அதில் என் தம்பி, மண்டை பிளந்த அந்த மனிதனின் தலையைத் தண்ணீரில் பிடித்திருந்தான். அமுக்குகிறானா, தூக்குகிறானா என்று தெரியவில்லை. தூக்கினேன் என்றான். மறுநாள் காலை எதிர்த்தோணியின் ஆட்கள் எங்கள் படலையை உடைத்து வந்து, தம்பியின் இடது கையை முறித்துவிட்டுப் போனார்கள்.

பொலிஸ் தெளிவான பிரதி கேட்டது. ஒரு சீடிக்குள் அடங்க வேண்டும், அவர்களின் பழைய கணினியில் ஓட வேண்டும். கமராவின் மூலப் பதிவு என்னிடம் இருந்தது. கடைக் கணினியில்கூட அது திக்கித் திக்கித்தான் ஓடும், ஆகவே சிறிய கோப்பாக மாற்றாமல் நாங்கள் எதையும் பார்ப்பதில்லை. தம்பி சொன்னதை நம்பியதால் எனக்கும் பார்க்கத் தோன்றவில்லை.

முதலில் வழக்கம்போல் கணினியின் கிராபிக்ஸ் அட்டையில் மாற்றினேன். சில நிமிடங்களில் முடிந்தது. எங்கள் அட்டை பழையது, அவசரக்காரன். தெறிக்கும் தண்ணீரில் ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு பக்கம் போகும். அத்தனையையும் தேடிப் பிடிக்க அதற்குப் பொறுமை இல்லை, படத்தைக் கட்டம் கட்டமாகப் பூசிவிடும். தம்பியின் கைகள் கட்டங்களாகவே இருந்தன.

"இது காணும் அக்கா, இவ்வளவு போதும்," என்றான், கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் இருந்த தம்பி.

"காணாது. நீ தூக்கினது தெரியோணும்."

அதே கோப்பு அளவைக் கொடுத்து, இம்முறை வேலையைக் கணினியின் மூளையான பிரதான செயலியிடம் விட்டேன். அது ஒவ்வொரு படச் சட்டகத்திலும் எது எங்கே நகர்ந்தது என்று மெதுவாகத் தேடும், கோப்பின் அளவை அசையாத இடத்தில் மிச்சம்பிடித்து வேண்டிய இடத்தில் செலவழிக்கும். மூன்று மணித்தியாலம் பிடித்தது. தம்பி போகவில்லை.

ஓட்டிப் பார்த்தேன். அவனுடைய முழங்கைகள் நீட்டி இறுகியிருந்தன. முழங்கால் அந்த மனிதனின் முதுகில் இருந்தது. தண்ணீருக்கு மேல் ஒரு கை ஒருதரம் வந்தது. தம்பி ஒரு கையை விட்டு, துடுப்பின் பிடியால் அதை அடித்தான். பிறகு தலையை.

"முதல் செய்ததைக் குடு. ரெண்டும் ஒரே அளவுதானே, ஆருக்குத் தெரியும்?"

மாட்டேன் என்றேன். முறியாத கையால் என் வாயில் அடித்தான். உதடு வெடித்தது. கழுவிவிட்டு வந்து இரண்டாவது கோப்பைச் சீடியில் எழுதினேன், எழுதியது சரியா என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பொலிஸ்காரர் அதை ஓட்டினார். அந்தக் கை தண்ணீருக்கு மேல் வந்த இடத்தில் நிறுத்தி, அதை அடிக்கிறவனைக் காட்டி, இது யார் என்று கேட்டார்.

"என்ர தம்பி," என்றேன்.