பூஜைக்கு அணைத்த உலை

1987 அக்டோபர், விஜயதசமி. விடுமுறைதான். ஆனாலும் குரோம்பேட்டையிலிருந்து ரயிலில் தாம்பரம் வந்து, சேலையூர் தாண்டி இருந்த எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். என் படிகம் அங்கே உலைக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. இருட்டிலும் வெப்பத்தைக் கண்டறியும் அகச்சிவப்பு உணரிகளுக்கான இண்டியம் ஆன்டிமனைடு. உருகிய பொருளைக் குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, உலையிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறக்க வேண்டும். நடுவில் உலை நின்றால் எல்லாம் பாழ். அவ்வளவு தூய்மையான உலோகம் வேறு கையிருப்பில் இல்லை. என் முனைவர் பட்டமே அந்த ஒரு குழாயில்தான் இருந்தது.

உலையின் முகப்பில் சந்தனம், குங்குமம். அடியில், ஒழுகிக் கறுத்துப்போன உலோகம்.

"யார் இதைத் தொட்டது?" என்று உதவியாளரிடம் கத்தினேன்.

"பெரிய சார்தான் நேத்து ஆஃப் பண்ணச் சொன்னாரு சார். பூஜையில வச்ச மிஷின் ஓடக்கூடாதாம். இது நிக்கக்கூடாதுன்னு நானும் சொல்லிப் பாத்தேன். 'இதுக்கு மட்டும் இன்னா கொம்பு மொளச்சிகீது'ன்னுட்டாரு. காலைல தேங்கா ஒடச்சி அவரே ஆன் பண்ணாரு."

இந்தப் பொருள் தண்ணீரைப் போலவே உறையும்போது பருக்கும். அணைத்த இரவே குழாய் விரிசல் கண்டிருக்கிறது. காலையில் சூடேற்றியதும் எல்லாம் அதன் வழியே ஒழுகிவிட்டது. எனக்கு இதைப் பாடமாக நடத்தியவரே அந்தப் பெரிய சார், எங்கள் துறைத்தலைவர்தான்.

அவர் அறையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.

"சார், உள்ளே உருகின நிலையில இருந்தது."

"அதான் காலைல திரும்ப ஆன் பண்ணிட்டேனேப்பா! எல்லா மெஷினும் ஒரு நாள் நிக்குது, உன் ஃபர்னஸ் நிக்கக்கூடாதா? சுண்டல் எடுத்துக்கோ."

நவம்பரில் மதிப்பீட்டுக் குழு வந்தது. படிகம் எங்கே என்று கேட்டார்கள். துறைத்தலைவர் சிரித்தபடி, "பவர் கட் சார். மெட்ராஸ் கரண்ட் பத்தி உங்களுக்குத் தெரியாதா?" என்றார். அவர்களும் சிரித்தார்கள்.

"கரண்ட் போகல. பூஜைக்காக இவர்தான் நிறுத்தினார்" என்றேன்.

குழுவில் மூத்தவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "பண்டிகைன்னா இதெல்லாம் சகஜம்தானே தம்பி" என்று காபியைக் கையில் எடுத்தார்.

மாலையில் துறைத்தலைவர் உலை அறைச் சாவியைக் கேட்டார். "வேற யாராவது பாத்துக்கட்டும். உனக்குக் கோபம் ஜாஸ்தி."

சாவியை அவர் மேசைமேல் எறிந்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஆண்டு புது உலோகம் வந்தது. என் உலையில், என் முறையில், வேறொருவர் படிகம் வளர்த்தார். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: ஆயுதபூஜைக்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும்.