தறிக்கூடத்துக் குரல்

வியேஷாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. துணி ஆலையில் பத்தொன்பது வருஷம் பன்னிரண்டு தறிகளைக் கட்டி மேய்த்தவள். அடுத்த வரிசையில் நான். அந்த இரைச்சலில் எதுவும் காதில் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். போலந்தில் எங்கள் வூட்ஜ் நகரத்து நெசவுக்காரிகள் எல்லோருக்கும் அது கைவந்த பேச்சு.

கம்யூனிஸ்ட் ஆட்சி போனபிறகு, தொண்ணூற்றிரண்டில் ஆலையைப் பூட்டினார்கள். இனி சந்தை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று தொலைக்காட்சியில் ஒருவர் சொன்னார். அவரைத்தான் வியேஷா இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறாள். பஜாரில் காலுறை விற்றாள்; வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்ததும் கடை படுத்துவிட்டது. திரைச்சீலை தைத்தாள், முதலாளி இயந்திரங்களோடு உக்ரைனுக்குப் போய்விட்டார். பதினாலு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு எங்கள் ஆலையையே வணிக வளாகமாக்கினார்கள். அவள் தறிகள் நின்ற அதே மூன்றாம் மாடியில் தரை துடைக்கும் வேலை கிடைத்தது. நடுமுற்றத்துக்கு எதிர்ப்பக்கம் எனக்குப் பூக்கடை வேலை.

ஓய்வூதியத்துக்கு ஒன்றரை வருஷம் இருக்கும்போது அவளுடைய ஒப்பந்தம் முடிய இருந்தது. ‘துடைக்கிற அம்மா கத்துகிறார்’ என்று ஏகப்பட்ட புகார். பாவம், அவள் வணக்கம்தான் சொல்லியிருப்பாள்.

அன்று என் கடையை ஒட்டிய கண்ணாடி அறையில் புது மேலாளர் செவெரின் போனில் பேசிக்கொண்டிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. வியேஷா முற்றத்துக்கு அந்தப்பக்கம் நின்று, என்னைப் பார்த்துச் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்.

“என்னடி லுத்கா, என்னை வேலையில வச்சுக்குவானா?”

“தெரியல. மூஞ்சி சரியில்ல.”

“அது எப்பவும் ஊறப்போட்ட வெள்ளரிக்கா மாதிரிதான இருக்கு. இந்த வயசுல அனுப்பிட்டான்னா நான் எங்கடி போவேன்?”

சத்தம் வராவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது எங்கள் நினைப்பு. செவெரின் போனை வைத்தார். கண்ணாடியருகே வந்து, அவளைப் பார்த்து, எங்கள் கூடத்துப் பெண்களைப் போலவே வாயை நன்றாகத் திறந்து, சத்தமில்லாமல் பேசினார்.

“வெள்ளரிக்காய்க்குக் கண்ணு நல்லாத் தெரியும்மா. எங்கம்மாவும் தறிக்காரிதான்.”

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் தொடர்ந்தார்.

“இப்பதான் மேலிடத்துல பேசினேன். வேற ஆள் வேண்டாம்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்க, ரெண்டு வருஷத்துக்கு.”

நன்றி சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. “அம்மா எந்தக் கூடம்?” என்று கேட்டாள்.

“நாலாவது. வீட்டுலயும் கத்தித்தான் பேசுவாங்க.”

“இப்ப எப்படி இருக்காங்க?”

“போன குளிர்காலத்துல போயிட்டாங்க. அப்புறம் யார்கிட்டயும் இப்படி உதட்டால பேசல.”

ஆலையைப் பூட்டிய அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் வியேஷா. இப்போது வாளியருகே உட்கார்ந்து அழுதாள். அதுவும் மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரிதான்.