மில்கள் நின்ற நாளில் கேட்ட இரைச்சல்

“அவிய பேசுதாகன்னு தெரியுதுக்கா. என்ன பேசுதாகன்னுதான் வெளங்கல.”

ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டிய செல்லத்தாய், எங்கள் தொழிற்கூடத்தில் போர்டுகளுக்குச் சால்டரிங் செய்தவள். அவள் சொன்ன ‘அவிய’ அவளுடைய கணவர் கருப்பையா. செண்பகத்தோப்புக்கு மேலே, மலை முகாமில் வனக்காவலராக இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஸ்ரீவில்லிபுத்தூர் வனத்துறை அலுவலகத்துக்காக ராஜபாளையத்தில் நாங்கள் புதிய வயர்லெஸ் ரிசீவர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம்; சர்க்யூட்டை வரைந்தவள் நான். மலையிலிருந்து வந்த சோதனை அழைப்பை அன்று எங்கள் மேசையிலேயே கேட்டோம். குரல் வந்தது. கர்ரென்ற ஓர் இரைச்சல் அதை மூடியிருந்தது.

ஐப்பசி மழைக்கு முன் ரிசீவரை ஒப்படைக்க வேண்டும். முந்தைய ஆண்டு ஓடை பெருகியதை மேலிருந்தவர்கள் பழைய செட்டில் சொல்லியிருக்கிறார்கள். கீழே எவருக்கும் புரியவில்லை. முகாமுக்கு அரிசி சுமந்து ஏறிய ஒருவரை வெள்ளம் கொண்டுபோயிற்று. செல்லத்தாய்க்கு அவரைத் தெரியும்.

மில்லின் மேல் பழி

முதலாளிக்கு ஐயமே இல்லை.

“மில்லு ஓடுற ஊருல ஆகாசம் எப்படிம்மா சுத்தமா இருக்கும்? அம்புட்டும் மோட்டார் சத்தம்.”

அவர் சொன்னது பொருந்தாமலும் இல்லை. எங்களைச் சுற்றி நூற்பாலைகள் மூன்று ஷிப்டும் ஓடின. வீட்டு ரேடியோ கரகரத்தாலும், டிவியில் கோடு ஓடினாலும், அந்த ஊரில் மில்லைத்தான் வைவார்கள். நான் ஆன்டெனாவைக் கழற்றிப் பார்த்தேன், இரைச்சல் குறையவில்லை. “கரண்ட் லைன் வழியா வருது” என்றார். பேட்டரியில் ஓட்டினேன். “பெட்டி இடுக்குல பூந்துருது” என்றார். கனமான இரும்புக் கவசப் பெட்டி ஒன்றுக்கு ஆர்டரும் கொடுத்துவிட்டார்.

என் சந்தேகம் சாம்பிளிங் சர்க்யூட்டின் மேல் இருந்தது. உள்ளே வரும் சிக்னலை ஓர் அனலாக் ஸ்விட்ச், உள்ளே தாளம் போடும் கிளாக்கின் துடிப்புக்கு ஏற்ப விட்டு விட்டு ஒரு கெப்பாசிட்டருக்குள் அனுப்பும். கெப்பாசிட்டர் அதைப் பிடித்து வைக்கும். ஸ்விட்ச் அணையும் ஒவ்வொரு முறையும், கிளாக் துடிப்பின் விளிம்பு சிறிது மின்னூட்டத்தைக் கெப்பாசிட்டருக்குள் தள்ளிவிடும். குழாயை வெடுக்கென்று மூடும்போது குடத்துக்குள் ஒரு சொட்டு தெறிப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலிருந்து வரும் வலுவான சிக்னலுக்கு அது பொருட்டல்ல. மலையைத் தாண்டி வரும் மெலிந்த குரலை அதுவே விழுங்கிவிடும்.

இதை முதலாளி நம்ப வேண்டுமானால், ஊரிலுள்ள மில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். ஆண்டில் ஒரு நாள் அப்படி நிற்கும்: ஆயுத பூஜை. ஆனால் எந்த வழக்கம் மில்லை நிறுத்தியதோ, அதே வழக்கம் எங்கள் கருவிகளையும் தொடவிடாது.

பொட்டு வைத்த ஸ்கோப்

சால்டரிங் அயர்ன்களுக்கும், மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்புக்கும், ரிசீவருக்கும் செல்லத்தாய்தான் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். பூஜை முடிந்து பொரி வழங்கியபோது நான் மெல்லக் கேட்டேன்.

“தேவுடா!” என்று தெலுங்கில் கடவுளைக் கூப்பிட்டார் முதலாளி. “பூஜையில வச்ச பொருளைத் தொடலாமா? படிச்ச பிள்ளை கேக்குற கேள்வியாம்மா இது?”

“ஸ்க்ரூ டிரைவரை எடுக்க மாட்டேன் சார். சுவிட்சைப் போட்டுக் கேக்க மட்டும் செய்வோம்.”

“நம்ம தொழில்ல கேக்குறதுதானம்மா வேலையே” என்றார்.

செல்லத்தாய் பொரித் தட்டைக் கீழே வைத்தாள். “மலையில அவியளுக்கு லீவு விட்டுருக்கா மொதலாளி? இன்னைக்கும் ரோந்து போயிட்டுத்தான இருக்காக. சரஸ்வதி கோவிச்சா நான் சமாதானம் சொல்லிக்கிடுதேன்.”

அவர் பதில் சொல்வதற்குள் அவளே வால்யூம் திருகைத் திருப்பிவிட்டாள். விரல் நுனியில் சந்தனம் ஒட்டிக்கொண்டது.

அன்று மில் சங்கு ஊதவில்லை. தெருவில் சைக்கிள் செயின் ஓடுவதுகூடக் காதில் விழுந்தது. ரிசீவரில் அதே கர். சற்றும் குறையவில்லை. காலை அழைப்பு நேரத்தில் கருப்பையாவின் குரல் அதனடியில் கிடந்து தத்தளித்தது. ‘சுண்டல்’ என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது.

“அது மட்டும் தெளிவா கேக்கும்” என்று செல்லத்தாய் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

முதலாளி ரிசீவரின் அருகே வந்து தாமும் காதை வைத்துக் கேட்டார். “அப்போ இம்புட்டு நாளும் மில்லுக்காரனை வஞ்சது வீணா?” என்று கேட்டுவிட்டு, “நாளைக்கு விஜயதசமி. காலைலயே பெட்டியைப் பிரிங்க” என்றார்.

எதிர்த் துடிப்பு

முதலில் கிளாக் பாதையில் ஒரு சிறு ரெசிஸ்டரைச் சேர்த்து, துடிப்பின் விளிம்பைச் சற்றே மழுக்கினேன். இரைச்சல் கொஞ்சம் தணிந்தது. கிளாக்கின் கிரவுண்டும் சிக்னலின் கிரவுண்டும், அதாவது மின்னோட்டம் திரும்பும் வழிகள், ஒரே தடத்தில் ஓடின; அவற்றைப் பிரித்து, ஓரிடத்தில் மட்டும் சேர வைத்தோம். இன்னும் தணிந்தது, போகவில்லை.

போக்கியது மூன்றாவது வழி. ஒரே ஐசிக்குள் நான்கு ஸ்விட்சுகள் இருந்தன. இரண்டை இணையாகக் கட்டி, சிக்னலை அவற்றின் வழியே விட்டேன். மூன்றாவதன் இரு முனைகளையும் ஒன்றாக்கிக் கெப்பாசிட்டரோடு சேர்த்து, அதற்கு மட்டும் நேர் எதிரான கிளாக்கைக் கொடுத்தேன். அதன் வழியே சிக்னல் எதுவும் போகாது. மற்ற இரண்டும் அணையும்போது தெறிக்கும் மின்னூட்டத்தை வாங்கிக்கொள்வது ஒன்றே அதன் வேலை. இரண்டிலிருந்தும் பாதிப் பாதிதான் கெப்பாசிட்டர் பக்கம் தெறிக்கும் என்பதால், அதை வாங்க ஒன்று போதும். இரண்டு கிளாக்கும் துல்லியமாக ஒரே நேரத்தில் மாறும்வரை கம்பிகளைக் குறுக்கிக்கொண்டே வந்தோம்.

“எம்புட்டு வாட்டிக்கா பிரிச்சு ஒட்டுறது? போர்டு கருகிரும்” என்று செல்லத்தாய் அலுத்துக்கொள்வாள். கை மட்டும் நிற்காது.

ஒரு பிற்பகலில் கர் இல்லை. மெல்லிய சீறல் ஒன்று எஞ்சியது. எந்த ரிசீவரிலும் இருப்பதுதான். முதலாளி கவசப் பெட்டியை வேண்டாமென்று சொல்லி ஆள் அனுப்பினார்.

ஐப்பசி

ரிசீவரைப் பொருத்தியபின் சரிபார்க்க நான் ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்துக்குப் போயிருந்த நாளில் மழை வலுத்தது. முகாமுக்கு அரிசி கொண்டுபோக இருவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்கள். அப்போது கருப்பையாவின் குரல் வந்தது. கையில் வைத்திருந்த வயர்லெஸ் செட்டின் பேட்டரி தீரும் தறுவாயில் இருந்ததால் மிகவும் மெலிந்த குரல்.

“ஓடையில தண்ணி ஏறிருச்சு. கீழேருந்து யாரையும் அனுப்பாதீக. நாங்க மேட்டுப் பாறையில இருக்கோம். ஓவர்.”

வாசலில் நின்றவர்கள் சாக்கைக் கீழே இறக்கினார்கள்.

ராஜபாளையத்துக்குப் போன் செய்தேன். செல்லத்தாயைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

“வெளங்குச்சாக்கா?”

“ஒரு வார்த்தை விடாம.”

“சாப்பிட்டாகளாமா?” என்று கேட்டாள். அதை அவர் சொல்லவில்லை. மழை விட்டு, ஓடை வடிந்த பிறகே கருப்பையா காய்ச்சலோடு இறங்கி வந்தார்.

இன்று அந்த மூன்று ஸ்விட்சுகளும் கெப்பாசிட்டரும் கிளாக்கும் சேர்ந்தே ஒரே சில்லுக்குள், கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கின்றன. அவற்றை வரையும் இளையவர்களிடம் நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். இரைச்சலுக்கு வெளியே காரணம் தேடத் தோன்றினால், வெளியே உள்ளதை எப்படியாவது ஒருமுறை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அதன் பிறகும் ஒலிப்பது நம்முடையது.

அடுத்த ஆயுத பூஜைக்குச் செல்லத்தாய் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவினாள். மேசையில் ஒரு ரிசீவர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வால்யூம் திருகை மட்டும், கேட்பதற்குத் திருப்ப வேண்டுமே என்று, தடவாமல் விட்டாள். முதலாளி அதைப் பார்த்தார். அப்படியே சூடத்தை ஏற்றினார்.