மாதாவின் மேலங்கியில் எங்கள் தெரு

ஆரி வேலையைப் போடத்தான் நாள் பிடிக்கும். பிரிக்க ஒரு நிமிஷம் போதும். சங்கிலி போல ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் தையல் அது. கடைசி முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்தால் மொத்தமும் சரசரவென்று கையோடு வந்துவிடும். அதனால்தான் மாதாவின் மேலங்கியில் அங்குலத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் தேர்த் திருவிழாவுக்கு மாதா சொரூபத்துக்குப் புது மேலங்கி சாத்துவார்கள். அந்த வருஷம் அதைச் செய்து தரும்படி திருவிழாக் கமிட்டித் தலைவர் என்னிடம் கேட்டார். நான் தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மிச்ச நேரத்தில் கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை. பெரிய தெருப் பெண்கள் பாதிப் பேர் முதுகில் நான் போட்ட மயில் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான்.

"படிச்ச புள்ள, சுத்தமா செய்வ" என்றார் தலைவர். சுத்தம் என்ற சொல்லை எங்கள் தெருவில் ஒருவரைப் பார்த்து அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

தேர் எங்கள் தெருவுக்கு வராது. ஊருக்கும் எங்களுக்கும் நடுவே ஓடும் வாய்க்காலின் மதகுக்கு நெடுந்தூரம் முன்பே திரும்பிவிடும். கேட்டால் மின்கம்பி தாழ்வாக இருக்கிறது என்பார்கள். நெல் மூட்டை ஏற்றிய லாரி வரும், அறுவடை மெஷின் வரும். மாதாவுக்கு மட்டும் கம்பி இடிக்கும்.

நீலத் துணியின் ஓரம் நெடுக ஒரு கொடி போட்டேன். ஒவ்வொரு தண்டும் ஒரு தெரு. ஒவ்வொரு இலையும் ஒரு வீடு. கோயில் ஒரு வெள்ளைப் பூ. அந்தப் பூவிலிருந்து தங்க ஜரியில் ஒரு கோடு புறப்பட்டுத் தெருத் தெருவாகப் போய், வாய்க்காலைத் தாண்டி, எங்கள் தெருவின் கடைசி வீட்டைச் சுற்றிக்கொண்டு திரும்பும். கடைசி வீடு எங்களுடையது. மனுவாக எழுதிக் கொடுத்தால் கிழித்துவிடுவார்கள். மாதா உடம்பில் இருப்பதை எவன் கிழிப்பான் என்று நினைத்தேன்.

கோயிலில் எல்லோரும் புகழ்ந்தார்கள். தலைவரின் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தது. தன் வீட்டு இலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, ஜரிக்கோட்டின் மேலேயே விரலை வைத்து நகர்த்திக்கொண்டு போனவர், வாய்க்கால் வந்ததும் விரலை எடுத்துவிட்டார்.

மறுநாளே தலைவர் மேலங்கியை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை.

"உங்க தெரு இருந்துட்டுப் போகட்டும். அழகாத்தான் இருக்கு. அந்த ஜரியை மட்டும் வாய்க்காலோட நிறுத்திடு. இழுத்தா வந்துடுமாமே?"

"வராதுங்க. முடிச்சுப் போட்டிருக்கேன்."

அவர் குரலை உயர்த்தினார். எனக்காக இல்லை, உள்ளே கட்டிலில் கிடக்கும் அம்மாவுக்காக.

"எடுத்துட்டா இந்த வருஷம் மதகு வரைக்கும் தேரைக் கொண்டாறச் சொல்றேன். உங்கம்மாவ நாற்காலில தூக்கிட்டு வந்து தெருமுனையில வச்சிக்க. இல்லன்னா பழைய அங்கியே போதும். பழைய வழியே போதும்."

பையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மாவுக்கு இரண்டு வருஷமாக வலது பக்கம் வராது. நடவு வயலில் வாதம் வந்து விழுந்தவள். அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆசை தேர் பார்ப்பது. போன திருவிழாவில் ஆட்டோ பிடித்துப் பெரிய தெருவுக்குக் கூட்டிப்போனேன். ஒரு வீட்டோரம் நாற்காலியைப் போட்டதும், "வாசலை மறைக்காதீங்க, விருந்தாளி வர்ற நேரம்" என்றார்கள். தேர் வருவதற்குள் அம்மா வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டாள். அதன்பின் பெரிய தெருவுக்கு வர மறுத்துவிட்டாள்.

"பிரிச்சுக் குடுத்துடுடி" என்றாள் இப்போது.

"முடியாது."

"ஒரு கோடுதான?"

"அந்தக் கோடுதான்மா எல்லாம். மதகு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறது பிச்சை போடுற மாதிரி."

"எனக்குப் பிச்சையே போதும். உன்னப் படிக்க வச்சது எதுலன்னு நெனச்ச?"

பையை எடுத்து உள்ளே வைத்தேன். மறுநாள் பள்ளிக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அம்மா மடி முழுக்கத் தங்கப் பொடி. பக்கத்து வீட்டுச் சித்தியைத் துணியைப் பிடிக்கச் சொல்லி, இடது கையில் பிளேடை வைத்துக்கொண்டு மத்தியானம் பூராவும் உட்கார்ந்து அறுத்திருக்கிறாள். முடிச்சு வராத இடங்களில் துணியையும் சேர்த்து அறுத்திருக்கிறாள். எங்கள் தெருவின் இலைகளில் முக்கால்வாசி போய்விட்டன. எங்கள் வீட்டையும் காணோம் என்று சித்திதான் சொன்னாள். மேலங்கி ஏற்கெனவே கோயிலுக்குப் போயிருந்தது.

"வலது கையோட நாக்கும் போயிருக்கலாம்" என்றேன்.

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா மடியைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "அதுவும் போயிட்டா, மாதாவ யாருடி கூப்புடுவா?"

தலைவர் வாக்கைக் காப்பாற்றினார். பகல் தேர் எங்கள் தெருப் பக்கம் திரும்பியது. மதகுக்கு அந்தக் கரையில், மதகின் மேல் சக்கரம் படாமல் நின்றது. இந்தக் கரையில் எங்கள் தெரு முழுவதும் நின்றது. சில பெண்கள் அழுதார்கள். எல்லோருக்கும் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா. புதுச் சேலை கட்டியிருந்தாள். நான்தான் கட்டிவிட்டேன்; அந்தச் சாயங்காலத்திலிருந்து மூன்று நாளும் அவளோடு பேசாமல் எல்லாம் செய்தேன். மேலங்கியின் கிழிந்த ஓரத்தை யாரோ மடித்து ஊக்குக் குத்தி மறைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் குறையே தெரியவில்லை.

ஒரு "அருள் நிறைந்த மரியே" ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம்தான் தேர் நிற்கும். அதற்குள் நேர்ச்சையாகத் தேர் மேல் உப்பும் மிளகும் போட வேண்டும். அம்மாவின் இடது கையில் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினேன். அவள் உடம்பையே முறுக்கி வீசினாள். பாதி தூரம்கூடப் போகவில்லை, வாய்க்கால் தண்ணீரில் விழுந்தது. மேளம் மறுபடி தொடங்க, தேர் திரும்பியது.

வீசிய வேகத்தில் நாற்காலியில் சரிந்து கிடந்த அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை. அவளை நிமிர்த்தி உட்கார வைத்தேன்.

"பட்டுச்சாடி? மாதா மேல பட்டுச்சா?"

அவள் முகம் நான் பார்த்தேயிராத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. பட்டது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

"இல்லம்மா. வாய்க்கால்ல விழுந்துச்சு" என்றேன்.