வாசம் தெரியாமல் வறுத்தவன்

சிதம்பரத்தில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிற கடை என்னுடையது. சேர்வராயன் மலையிலிருந்து மூட்டையில் வரும் பச்சைக் கொட்டையை நானே வறுக்கிறேன். இரும்பு உருளையில் போட்டுக் கீழே கேஸைப் பற்றவைத்தால் முதலில் காய்ந்த புல் வாசம் வரும். அப்புறம் ரொட்டி சுடுகிற வாசம். அதற்குப் பின்னால் லேசாக ஒரு இனிப்புக் கருகல் எட்டிப் பார்க்கும். அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும், அரை நிமிடம் பிந்தினால் கரிதான். மணி பார்த்து வறுக்கிறவர்களை, மூக்கைக் கடன் கொடுத்துவிட்டாயா என்று நக்கலடித்திருக்கிறேன். அவ்வளவு வாய்க்கொழுப்பு.

போன வருஷம் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேன். எழுந்து வந்து வறுத்தபோது உருளையிலிருந்து புகை வந்தது, வாசம் வரவில்லை. பழைய கொட்டையை அனுப்பிவிட்டதாக மலைக்காரரிடம் போனில் கத்தினேன். அடுத்த மூட்டையைப் பிரித்தேன். அதுவும் அப்படியே. பூண்டை நசுக்கி மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. உண்மையிலேயே பயந்துபோனேன்.

மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வறுக்கிறவனுக்கு மூக்குப் போய்விட்டதென்று தெரிந்தால் எவன் கடைக்கு வருவான்? கொட்டை வெடிக்கிற சத்தத்தையும் நிறத்தையும் வைத்து ஒப்பேற்றினேன். பச்சையாக நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடவே கருக்கினேன். துபாயில் இருக்கும் மகனுக்கு அனுப்ப மாதாமாதம் பொடி வாங்குகிற கிள்ளை ஊர் பாய் வந்தார்.

"அண்ணே, இப்பல்லாம் பொடி செம ஸ்ட்ராங்கு. முன்ன விட இதான் ஜாஸ்தி புடிச்சிருக்காம் பையனுக்கு."

சிரித்து வைத்தேன். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு காலை. சாரல் அடிக்குமென்று முந்தின நாளே ஜன்னல்களை அடைத்திருந்தேன். உருளையை நிரப்பிவிட்டுத் தீக்குச்சியைக் கையில் எடுத்தேன். டம்ளரோடு வந்த மனைவி நிலைப்படியிலேயே நின்றாள்.

"மாமா, அந்தக் குச்சிய ஒரசாதீங்க."

"ஏன்?"

என் முகத்தையே பார்த்தாள். "கேஸு கொடலப் பொரட்டுது. ஒங்களுக்குத் தெரியலியா?"

ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது. சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். இருவரும் மழையில் நின்றோம்.

"எத்தினி நாளா?" என்றாள்.

"காய்ச்சல்லேருந்து."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

மறுநாள் முதல், நான் பற்றவைப்பதற்கு முன் அவள் வந்து நின்றாள். குழாயை முகர்ந்து, மூலை முடுக்கெல்லாம் மூச்சை இழுத்துப் பார்த்து, "ம்" என்பாள். அதற்குப் பிறகுதான் அடுப்பு. இறக்க வேண்டிய நொடியையும் அவளே சொன்னாள். பொடி பழைய பதத்துக்கு வந்தது. பாய் மட்டும், என்னண்ணே சப்புன்னு இருக்கு என்று குறைப்பட்டார். கோபம் வந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது அந்த ஒரு மூக்குதான். அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். தும்மினால்கூட மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை. நான்காம் நாள், மீதமிருந்த வறுத்த கொட்டையை மெஷினில் போட்டு அரைத்து முடித்தேன். சத்தம் கேட்டு எழுந்து வந்துவிட்டாள். படுத்துக்கொள் என்றேன், கேட்கவில்லை. சூடு ஆறாத மூன்று கிலோ பொடி அகலத் தட்டில் அவள் இடுப்புக்குப் பக்கத்திலேயே கொட்டிக் கிடந்தது. அவள் குழாய் அருகில் குனிந்து மூச்சை இழுத்தாள். நிமிர்ந்து நின்று இன்னொரு முறை, நெஞ்சு நிறைய இழுத்தாள்.

"பத்த வைங்க மாமா," என்றாள். "ஒரு வாசமும் இல்ல."