வெட்டி எடுத்த மூச்சு

போன வாரம் காளவாசலில் கார் ஸ்பீக்கர் மாற்றப் போயிருந்தேன். என் பழைய காரின் வலப்பக்க ஸ்பீக்கர் கொஞ்ச நாளாகக் கரகரவென்று இரைந்துகொண்டிருந்தது. இரைச்சல் எனக்கு ஆகவே ஆகாது, அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல வருகிறேன். கடைக்காரத் தம்பி புதிதை மாட்டிவிட்டு, "டெஸ்ட்டுக்கு ஒரு பாட்டுப் போடுறேன்ணே. நம்ம ஊரு ராப்புதான், ஆனா குவாலிட்டி வெளிநாட்டு ஆல்பம் கணக்கா இருக்கும்" என்றார். முதல் டிரம் அடி விழுந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது நான் பதிவு செய்த ஆல்பம். "கேளுங்கண்ணே, எம்புட்டு கிளீனா இருக்கு! அந்த ஆளு மூச்சே விடாமப் பாடுறாரு பாருங்க." நான் காரிலிருந்து இறங்கி வெளியே போய் நின்றுகொண்டேன்.

வெளியே பெயிண்ட் வாசனை. பக்கத்தில் யாரோ ஷட்டருக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி போதும், நான் பத்து வருடம் பின்னால் போய்விடுவேன். இதே தெருவில், ஒரு பெயிண்ட் கடையின் மாடியில்தான் என் ஸ்டூடியோ இருந்தது. ஸ்டூடியோ என்று நான் மட்டும்தான் சொல்வேன். வீட்டில் அதற்கு 'மெத்தை ரூம்' என்று பெயர். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க, சொந்தக்காரர்கள் கழித்துப் போட்ட பஞ்சு மெத்தைகளை எல்லாம் சேகரித்து நாலு சுவரிலும் அடித்து வைத்திருந்தேன். பதியும்போது ஃபேனும் போடக் கூடாது. சித்திரை வெயிலில் உள்ளே நின்றால் ஆள் அவிந்துவிடுவார்.

அதற்கு முன்னால் நான் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்துகொண்டிருந்தவன். ஒருநாள் யாரோ கொடுத்த ஹெட்போனில் ஒரு அமெரிக்க ஹிப் ஹாப் ஆல்பம் கேட்டேன். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் இலையில் பரிமாறிய மாதிரி ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. டிரம் நெஞ்சுக்கு நேரே விழுந்தது, தாழ்ந்த பேஸ் ஒலி அதற்கு வழிவிட்டுக் கீழே ஓடியது, குரல் என் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. சத்தம் நின்ற இடத்தில் மயான அமைதி. அன்றிலிருந்து எனக்குக் கிறுக்குப் பிடித்தது. அப்படி இருபது முப்பது ஆல்பங்களைத் தேடித் தேடிக் கேட்டேன். கல்யாண வீடுகளில் ரேடியோ செட் இரைந்தால் காதைப் பொத்திக்கொள்வேன். காதில் ஏதோ கோளாறு என்று எனக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள்.

மதுரையில் அப்படி ஒரு ஆல்பம் செய்யவேண்டும் என்று நான் அலைந்துகொண்டிருந்தபோதுதான் வீரணன் வந்தான். மேலூர்ப் பக்கத்துக்காரன். கிரானைட் பட்டறையில், அறுத்த பலகைகளின் விளிம்பைக் கை கிரைண்டரால் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை. கல்லைப் பற்றியும், வற்றிப்போன கண்மாயைப் பற்றியும், டவுன்பஸ் கண்டக்டரைப் பற்றியும் ராப் பாட்டாக எழுதி வைத்திருந்தான். பதினாறு வரியை ஒரே மூச்சில் பொரிந்து தள்ளுவான். அப்படி ஒரு குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரை ஷிப்ட் முடித்து, மேலூர் பஸ்ஸைப் பிடித்து நேரே வருவான். இமை மயிரிலும் காது மடலிலும் சாம்பல் நிறத் தூசு ஒட்டியிருக்கும். தலையை உதறினால் என் மேஜைமேல் படியும். "டேய், மைக்குக்குத் தூசு ஆகாதுடா" என்று நான் கத்துவேன். "வெளியவே தட்டிட்டு வாரேன் மாப்ள" என்று சிரிப்பான். அப்படியும் எனக்கு மனசு கேட்காமல் மைக்குக்கு அளவெடுத்து ஒரு துணி உறை தைத்தேன். பட்டறையில் மூக்குக்கு என்னடா கட்டிக்கொள்கிறாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

ஏழெட்டு மாதம் போனபின் பதிவில் ஒரு விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மெல்லியது. ஹெட்போனில்தான் தெரியும். ஒயரை மாற்றினேன். ஜன்னல் இடுக்கில் துணியைச் செருகினேன். கீழே பெயிண்ட் கலக்கும் மிஷினை நிறுத்தச் சொல்லிக் கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒருநாள், வீரணன் வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றபோதும் அது கேட்டது. அவன் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

"என்னடா இது?"

"சளி மாப்ள. போயிரும்."

நானும் கசாயம் குடிக்கச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பதினாறு வரி பன்னிரண்டானது. பிறகு எட்டு. பிறகு நாலு. ஒரு ஞாயிறு, பாதி வரியில் நின்று, இரண்டு கையையும் மெத்தைச் சுவரில் ஊன்றிக்கொண்டு வெகுநேரம் இரைத்தான். "இன்னொரு தடவ போவோம் மாப்ள" என்றான். அவன் போனபின் பார்த்தேன், மெத்தையில் இரண்டு சாம்பல் உள்ளங்கை பதிந்திருந்தது. இது வெறும் சளி இல்லை என்று எனக்கு அப்போதே பட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆல்பம் முடியும் தறுவாயில் இருந்தது. ஒவ்வொரு வரியாகப் பாடச் சொல்லி, மூச்சு வாங்கும் இடங்களை எல்லாம் வெட்டி எறிந்து, வரியோடு வரியை ஒட்டினேன். பாட்டுக்குள்ளேயே புகுந்துவிட்ட விசிலுக்கு வேறு வழி இருந்தது. இரைச்சலை மட்டும் தனியாக நாலு நொடி பதிந்து மென்பொருளுக்குக் காட்டினால், அது அடையாளம் கண்டு எல்லா இடத்திலும் துடைத்துவிடும். வீரணனைச் சும்மா நிற்கச் சொல்லி அவன் நெஞ்சை நாலு நொடி பதிந்தேன். மிஷின் உடனே அடையாளம் கண்டுகொண்டது.

ஆல்பம் வந்தது. சென்னையிலிருந்தெல்லாம் போன் செய்து சவுண்டைப் பாராட்டினார்கள். நானும் கொஞ்ச நாள் தரையில் நடக்கவில்லை. இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டரில் இருந்த பழைய பதிவுகளை எல்லாம் அழித்தேன், அந்த நாலு நொடி உட்பட. அடுத்த வருடம் வீரணன் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். நுரையீரல் முழுக்கக் கல் தூசு படிந்துவிட்டது, ரொம்ப லேட்டாக வந்திருக்கிறீர்கள் என்றார்கள். மூன்று மாதத்தில் போய்விட்டான்.

காரியம் முடிந்த மறுவாரம் அவன் மனைவி செல்வி ஸ்டூடியோவுக்கு வந்தது. ஆறுதலாக இருக்கட்டும் என்று, ஆல்பத்தில் நான் வரியோடு வரி ஒட்டிய பாட்டைப் போட்டேன்.

"நிப்பாட்டுங்கண்ணே" என்றது. நிறுத்தினேன்.

"படுத்தா அவரு நெஞ்சுல பூனக்குட்டி கத்துற மாதிரி சத்தம் வரும்ணே. ஆஸ்பத்திரிக்குப் போவோம், அந்த வேலைய விட்டுருங்கன்னு தெனம் சண்டதான். ஒருநா இந்தப் பாட்டப் போட்டுக் காட்டுனாரு. மைக்குல நாம பேசுறது எல்லாமே விழும்டி, நெஞ்சுல கோளாறு இருந்தா இதுல கேக்காதா, இப்படி ஒரே மூச்சுல பாடத்தான் முடியுமான்னாரு. நானும் நம்பி வாய மூடிக்கிட்டேன்."

வரிவரியாக ஒட்டியது என்று வீரணனுக்குத் தெரியாதா? தெரியும். எதிரே நின்று பார்த்தவன்தானே. செல்வியை நம்பவைக்க அப்படிச் சொன்னானோ, கேட்டுக் கேட்டு அவனே நம்பிவிட்டானோ.

"பதியும்போது உங்களுக்கு அந்தச் சத்தம் கேக்கலையாண்ணே?"

"கேட்டுச்சும்மா."

அழும் அல்லது ஏசும் என்று நினைத்தேன். செல்வியோ, "அது இருந்தா அதப் போடுங்கண்ணே. வீட்ல அது இல்லாமத் தூக்கம் வரமாட்டேங்குது" என்றது. அழித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்று பொய் சொன்னேன். அதன்பிறகு செல்வி கேட்கவும் இல்லை, வரவும் இல்லை. ஸ்டூடியோவையும் காலி செய்துவிட்டேன். உள்ளங்கை பதிந்த மெத்தையை யார் எடுத்துப் போனார்கள் என்று தெரியவில்லை.

"வாங்கண்ணே, உள்ள உக்காந்து முழுசாக் கேளுங்க" என்று கடைக்காரத் தம்பி கூப்பிட்டார். போய் உட்கார்ந்து கடைசி வரை கேட்டேன். எங்கெங்கே வெட்டினேன் என்பது எனக்கு இன்னமும் மனப்பாடம். ஒவ்வொரு இடமாகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒரு இடத்திலும் அவன் மூச்சு விடவில்லை.