பஸ் திரும்பும் இடம்

ஏரிக்கரை மேல் ஏறிய பிறகுதான் தோளில் மைக் ஒயர் இன்னும் தொங்குவதைக் கவனித்தேன். சங்கத்தின் ஒயர். சற்று முன்புதான் சங்கத்திலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். ஒயரைக் கேட்டு வாங்க மறந்துவிட்டார்கள். திரும்பிப் போய்க் கொடுத்தால் இன்னொரு தடவை நீக்குவார்கள் என்று தோன்றியது. நடந்துகொண்டே இருந்தேன்.

பின்னால் காலனி. முன்னால் ஊர். ஊரைத் தாண்டினால் செஞ்சி ரோடு. தூரத்தில் ராஜகிரி மலை, உச்சியில் இருக்கும் கட்டடத்தோடு தெரிந்தது. அங்கே மதில் எழுப்பியவர்கள் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று எழுப்பினார்கள். இப்போது டிக்கெட் கொடுத்து உள்ளே விடுகிறார்கள்.

செஞ்சிக்குக் காலனியிலிருந்தே பஸ் உண்டு. அது காலனிக்கு வர வேண்டும் என்றுதான் நான் அத்தனை மாதம் மைக்கில் கத்தினேன். ஆனால் அந்த பஸ்ஸில் பெண்களுக்குத்தான் டிக்கெட் இல்லை, ஆண்களுக்கு உண்டு. என்னிடம் அதற்குக் காசு இல்லாததால் நடந்தேன்.

எனக்கு அவலூர்பேட்டைப் பக்கம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். சந்தையில் மூட்டை தூக்கியிருக்கிறேன், பெங்களூரில் சென்ட்ரிங் பலகை அடித்திருக்கிறேன், குவாரியில் ஒரு விரல் நகத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒரு நாள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டரோடு நான் போட்ட சண்டையைக் கேட்டு, விழுப்புரத்திலிருந்து வந்திருந்த சங்கத் தலைவர் ஒருவர் என் தோளில் கை வைத்தார். இந்தக் குரல் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்றார். சாப்பாடு உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். இப்படித்தான் நான் இயக்கத்தில் சேர்ந்தேன். எல்லோரும் அவரைத் தோழர் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

கோரிக்கை ஒன்றுதான். செஞ்சியிலிருந்து வரும் டவுன் பஸ், ஊரில் மாரியம்மன் கோயில் முன்னால் இருக்கும் திடலில் திரும்பிப் போய்விடும். அங்கிருந்து காலனி ஒரு மைல் இருக்கும், நல்ல தார் ரோடு. பஸ் அந்த ஒரு மைல் வருவதில்லை. காலனி ஆட்கள் நடந்து போய் ஊரில் ஏற வேண்டும். போகும்போது சீட் இருக்காது. ஊர் ஆட்கள் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்திருப்பார்கள். துண்டு உட்கார்ந்து வரும், மனிதர்கள் நிற்பார்கள்.

அப்படி நின்றவர்களில் ஒரு அக்கா. செஞ்சி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்து வைக்கும் வேலை. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப் போனது. ஒரு மைல் அந்தக் காலை இழுத்து நடந்து, பஸ்ஸில் நின்று, கடையில் பகல் முழுக்க நின்று, மறுபடியும் நின்று, மறுபடியும் நடப்பார். சில நாள் நடந்து போய்ச் சேர்வதற்குள் பஸ் போய்விடும். கடை முதலாளி மரியாதையானவர், திட்ட மாட்டார். இன்னொரு தடவை லேட்டானால் வீட்டிலேயே இருந்து ஓய்வெடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். வீட்டில் சம்பாதிப்பது அக்கா ஒருவர்தான்.

முதல் கூட்டத்தில் தோழர் சமத்துவத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். பேசி முடித்துவிட்டு, யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்றார். அக்கா எழுந்தார்.

“சமத்துவம் அப்பறமா வரட்டும் தோழரே. எனக்கு மொதல்ல ஒரு சீட்டு வோணும்.”

தோழர் சிரித்து, இரண்டும் ஒன்றுதான் என்று விளக்கினார். அக்கா உட்கார்ந்துவிட்டார், ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மனு கொடுத்தோம். மறியல் செய்தோம். காலனியில் பஸ் திரும்ப இடம் இல்லை என்று டெப்போவிலிருந்து பதில் வந்தது. காலனிக்காரர்கள் கூடிப் பேசி, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய வைக்கும் பொதுக் களத்தை அதற்கு விட்டுக்கொடுத்தார்கள். களத்தின் ஓரத்திலிருந்த புளிய வேரைத் தோண்டி, மேட்டைச் சமமாக்கி, முரம்பு மண் கொட்டினார்கள். அந்த வருஷம் மல்லாட்டை ரோட்டில் காய்ந்தது. திரும்ப இடம் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று நான் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கத்தினேன். டெப்போ, பரிசீலனையில் இருக்கிறது என்றது. அதற்கு மேல் சமமாக்க எங்களிடம் மேடு எதுவும் இல்லை.

சங்கத்தில் சாப்பாடு கூட்டம் நடக்கும் நாளில் மட்டும்தான் வரும் என்பது இதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. கூட்டம் இல்லாத நாட்களில் ஊருக்குள் போய்க் கிடைத்த வேலையைச் செய்தேன்.

ஊரில் அப்போது பயம் பிடித்திருந்தது. பஸ் காலனிக்குப் போனால் முதல் ஸ்டாப் காலனி. அங்கிருந்தே நிரம்பி வரும், துண்டு போட இடம் இருக்காது. வெளியே பேசும்போது டீசல் வீண் என்று சொன்னார்கள். இதைத் தடுக்க ஒரு யோசனை கண்டுபிடித்தார்கள். கோயில் திடலில் பெரிய நிழற்குடை ஒன்று கட்டிவிட்டால், இதுதான் கடைசி ஸ்டாப் என்று அரசாங்கமே ஒத்துக்கொள்ளும்.

கட்ட முன்வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ரைஸ்மில்காரர், இன்னொருவர் உரக்கடைக்காரர். இருவரும் பங்காளிகள், ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் இன்னொருவர் சாப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது. ஆளுக்கொரு தூண் என்று முடிவானது. தூணில் கருங்கல் பதித்து அவரவர் அப்பா பெயர். மில்காரர் தன் பக்கம் மேடையை ஒரு அடி நீட்டச் சொன்னார். மறுநாள் உரக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தன் பக்கம் இரண்டு அடி நீட்டச் சொன்னார். மில்காரர் தூணைத் தடிமனாக்கச் சொன்னார். கொத்தனாருக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. நான்தான் அவருக்குக் கலவை சுமந்தேன். கலவை சுமப்பவன் தலையில் சட்டி இருக்கும். பஸ் திரும்புமா என்ற கேள்வி அங்கே இருக்காது. மற்றவர்கள் தலையில் சட்டியும் இல்லை, கேள்வியும் இல்லை.

திறப்பு விழா அன்று பஸ்ஸுக்கு வாழைமரம் கட்டி, மாலை போட்டு, சந்தனம் தெளித்தார்கள். டிரைவர் வண்டியைத் திருப்பினார். ஒரு பக்க வாழைமரம் மில்காரர் தூணில் மாட்டியது. பின்னால் எடுத்தார். பின்பக்க லைட் உரக்கடைக்காரர் தூணில் உடைந்தது. மறுபடி முன்னால், மறுபடி பின்னால். மேளம் மெல்ல நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, எங்கே திருப்புவது என்று கேட்டார். ஊர் மொத்தமும் நிழற்குடையைப் பார்த்தது. கண்டக்டர்தான் சொன்னார்.

“காலனியில எடம் இருக்குதுன்னு மைக்ல தெனம் ஒருத்தன் கத்தறானே. அங்க போய்த் திருப்பிகினு வந்துடலாம், வாண்ணா.”

அப்படித்தான் பஸ் முதல் முதலாகக் காலனிக்குள் வந்தது, வாழைமரமும் மாலையுமாக. டெப்போவே மரியாதை செய்து அனுப்பியிருக்கிறது என்று காலனியில் நினைத்துக்கொண்டார்கள். தோழருக்கு போன் போனது. மக்கள் சக்தியின் முன் அதிகாரம் பணிந்தது என்றார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது, கையில் கலவைப் புண் இருந்தபோதும்.

டெப்போ உத்தரவு எதுவும் போடவில்லை. ஊரில் திரும்பும் இடம் சரியாகும் வரைக்கும் அங்கே திருப்பிக்கொள்ளுங்கள் என்று வாய்மொழியாகச் சொன்னதோடு சரி. அக்கா முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து போக ஆரம்பித்தார். ஒரு நாளும் லேட் இல்லை. ஊரில் துண்டுகள் ஜன்னல் வரைக்கும் வந்து திரும்பின. சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மில்காரரின் மருமகள் ஒரு காலையில் காலனிக்கே நடந்து வந்தாள். செஞ்சியில் ஏதோ ஆபீசில் வேலை அவளுக்கு. களத்து ஓரம் டீக்கடைக்குப் பக்கத்தில் யாரையும் பார்க்காமல் நின்றாள். பஸ் வந்ததும் அக்காவுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அக்கா நகர்ந்து உட்கார்ந்தார். அடுத்த வாரம் ஊரிலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். ஒருவர் டீ கூடக் குடித்தார். பேப்பர் கப்பில்தான், இருந்தாலும் குடித்தார்.

இது ஊர்ப் பெரியவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒரு தூணை எடுத்துவிட்டால் பஸ் பழையபடி திடலிலேயே திரும்பிவிடும். உடைத்துவிடுவது என்று பேசி முடித்தார்கள்.

அதே வாரம் காலனியில் வெற்றிக் கூட்டத்துக்கு ஏற்பாடு நடந்தது. யார் யார் மேடையில் உட்காருவது என்று பேசும்போது, ஊராருக்குக் கலவை சுமந்தவன் கையில் மைக் இருக்கலாமா என்று ஒருவர் கேட்டார். தோழர் என்னிடம் விளக்கம் கேட்டார். அங்கே தினமும் சோறு போட்டார்கள் என்றேன். கூலிக்காகக் கொள்கையை விடுவது பற்றி அவர் சொன்னதெல்லாம் சரிதான். நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

“நான் சொமக்கலன்னா பஸ்ஸே வந்திருக்காது தோழர்” என்றேன்.

அதன்பிறகு ஓட்டெடுப்பு சீக்கிரம் முடிந்தது.

அன்று அக்காவுக்குக் கடை விடுமுறை. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நீக்கிவிட்டார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதில் அவருக்குப் பெரிய அக்கறை இல்லை.

“மைக்கு, அந்தத் தூண ஒடச்சிட்டா பஸ்ஸு அங்கியே திரும்பிக்குமா?”

“திரும்பிக்கும்க்கா.”

“ரெண்டுல எத்த ஒடைக்கணும்?”

“எதை ஒடச்சாலும் சரிதான்.”

“எத்த ஒடச்சாலுமா” என்று அக்கா மெதுவாகச் சொன்னார். குடம் நிரம்பி வழிந்தது. முதலாளி வேலை பழக ஒரு புதுப் பெண்ணை வைத்திருப்பதாகவும், இனி ஒரு நாள் லேட்டானாலும் தன் இடம் அவளுக்குத்தான் என்றும் சொன்னார். பிறகு, போய் வா என்றார்.

ஊரைத் தாண்டும்போது நிழற்குடையில் சற்று நின்றேன். கருங்கல்லில் இரண்டு அப்பாக்களின் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன; அளந்துதான் வெட்டியிருப்பார்கள். காலனி ஆள் யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒயரைச் சுருட்டி ஒரு தூணில் மாட்டிவிட்டு நடந்தேன். செஞ்சிக்கு வந்து பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்தேன்.

விடிந்ததும், கூலி ஆட்கள் நிற்கும் முனைக்குப் போனேன். முதலில் வந்தவர் அதே கொத்தனார். என்னைப் பார்த்ததும் அவருக்கு வேலை எளிதாகிவிட்டது.

“நீ கட்னதுதானே, நீயே வந்து ஒட.”

அக்காவின் கால் ஞாபகம் வந்தது. முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு நான் எதுவும் சாப்பிடவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. நான் போகாவிட்டால் என் பின்னால் நிற்பவன் போவான். சம்மட்டியை வாங்கிக்கொண்டு, கொத்தனார் எடுத்த டிக்கெட்டில் முதல் பஸ் ஏறினேன்.

நாங்கள் திடலில் இறங்கினோம். பஸ் காலனிக்குப் போனது. மில்காரரும் உரக்கடைக்காரரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள், அவரவர் தூணுக்குப் பக்கத்தில். ஒயரைக் காணோம். எதை உடைப்பது என்று கொத்தனார் கேட்டார். உரக்கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊர் நன்மைக்காக என் தூணையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கே ஆச்சரியம். நான் சம்மட்டியைத் தூக்கினேன்.

அப்போது பஸ் திரும்பி வந்து நின்றது. முன் சீட்டில் அக்கா, பக்கத்தில் மில்காரர் மருமகள். அக்கா என்னையும் சம்மட்டியையும் பார்த்தார்.

“இன்னா மைக்கு, நேத்து அங்க, இன்னைக்கு இங்கியா?”

“கூலிக்கு வந்தேங்க்கா.”

அவர் மேலே எதுவும் என்னிடம் கேட்கவில்லை. கண்டக்டர் பக்கம் திரும்பி, பஸ் மொத்தத்துக்கும் திடலுக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

“ஊர்ல யாருக்கு மரியாத கம்மியோ அவங்க தூணத்தான் ஒடைக்கறாங்களாமே. செஞ்சி பஜார் பூரா அதே பேச்சு. அது யாருது கண்டக்டரே?”

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். மில்காரர் மருமகள் சிரிப்பை அடக்க மடியிலிருந்த பையைக் குனிந்து பார்த்தாள். அவளுக்கும் சீட் வேண்டுமே. பஸ் கிளம்பிவிட்டது.

உரக்கடைக்காரர் என் கையிலிருந்த சம்மட்டியைப் பிடித்துக் கீழே இறக்கினார். எவன் மரியாதை கம்மி என்று பங்காளியைக் கேட்டார். மில்காரர், நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றார், ஆனால் அதைச் சொன்ன விதம் சரியில்லை. அதன்பிறகு அவர்களுடைய தாத்தா காலத்து வரப்பு ஒன்று வெளியே வந்தது. ஊர்ப் பெரியவர்களுக்கு ஆள் போனது. அவர்கள் வந்து இரண்டாகப் பிரிந்து நின்றார்கள்.

“ஒக்காரு, சொல்றேன்” என்றார் கொத்தனார்.

நிழற்குடைக்குள் போய் உட்கார்ந்தேன். நல்ல நிழல். நாங்கள் கலவையில் சிமெண்டைக் குறைக்கவில்லை. யாரோ இட்லி வாங்கிக் கொடுத்தார்கள். கூலி நாள் கணக்குக்குத்தான், தூண் கணக்குக்கு இல்லை என்று கொத்தனார் முன்பே பேசியிருந்தார். மத்தியான பஸ் வந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்து இடது பக்கத் தூணைப் பார்த்தார், வலது பக்கத் தூணைப் பார்த்தார், வண்டியை நேராகக் காலனிக்கு விட்டார்.

சாயங்காலம் கூலியைக் கொடுக்கும்போது கொத்தனார் என்னை மறுநாளும் வரச் சொன்னார். வேலை இன்னும் முடியவில்லையாம்.